கடைசி ஆளிடம் பம்ப்

ஜூன் 8, ஞாயிறு

காலையில் தூறல். பிறகு நாள் முழுக்க மூட்டம். சைக்கிளில் நந்தி மலை ஏறி இறங்கியாகிவிட்டது. விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி, ஈஜிபுரா வீட்டுக்கு வந்து சேரும்போது மதியம் மூன்று. முட்டிகள் இரண்டும் வலி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வலி.

நான்தான் கடைசி. அதில் செய்தி ஒன்றும் இல்லை. மஞ்சு மேலே போய் நாற்பது நிமிடம், ஜபீன் போய் இருபத்தைந்து நிமிடம் கழித்து நான். இருவரும் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டாங்க பம்ப் மகாராணி," என்றாள் ஜபீன். "எழுந்து நில்லுடா மஞ்சு, மரியாதை குடு."

"அக்கா, ஒந்து விஷயம். இந்த ஸ்பீடுல ஹிமாலயா போனா தீபாவளிக்குத்தான் லே போய் சேருவோம்."

"உனக்கு பஞ்சர் ஆகும்ல, அப்ப பேசு."

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பம்ப். அது கடைசியாக வருபவரிடம்தான் இருக்கும். பஞ்சர் பெட்டியும் அவரிடம். நாலு வருடம் முன்னால், முதல் தடவை நந்தி போனபோது, தேவனஹள்ளி தாண்டி எனக்கு பஞ்சர். இவர்கள் இருவரும் பம்போடு முன்னால் போய்விட்டார்கள். ஒரு திராட்சைத் தோட்ட வேலியோரம் இரண்டு மணி நேரம் நின்றேன். அடுத்த வாரம் ஜபீன் விதி போட்டாள். பம்ப் கடைசி ஆளிடம். முன்னால் பறக்கிறவனுக்கு டயர் போனால் உட்கார்ந்து காத்திருக்கட்டும். விதியின் இன்னொரு பாதி: உச்சிக்கு முதலில் போனவர்கள் இந்தப் பக்கமே நிற்கவேண்டும். பம்ப் வைத்திருப்பவர் வந்து முதலில் தாண்டுவார். அப்புறம்தான் மற்றவர்கள்.

அந்தக் கணக்கில் இதுவரை எல்லா மலையையும் முதலில் தாண்டியது நான்.

வீட்டில் ஆதிரை தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு வயது மூன்று மாதம். பதினொரு மணி நேரம் நான் இல்லாமல் இருந்திருக்கிறாள். அவள் சாப்பாடு, தூக்கம் எழுதும் நோட்டைத் திறந்தால் இன்றைய பக்கம் வெள்ளை.

"எழுதலையா?"

"நல்லாத்தான் இருந்தா கலை," என்றான் அவள் அப்பா பிரபு.

நல்லா என்றால் எவ்வளவு? எத்தனை இட்லி? எத்தனை தடவை மூத்திரம்? மறுபடி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். சா என்றால் சாப்பாடு. மூ, மூத்திரம். தூ, தூக்கம். அ, அழுகை. கா, காய்ச்சல். சிரித்தான். குழந்தை டாக்டரும் இப்படித்தான் சிரித்தார். இந்த எழுத்தை ஆறு மாதத்தோடு நிறுத்திடும்மா என்றார். நிறுத்தவில்லை.

இமயமலைக்குக் கிளம்ப இன்னும் பதினொரு நாள்.

ஜூன் 11, புதன்

ஆபீசில் லீவு உறுதி. மேனேஜர் "மலையா? சைக்கிளா? குழந்தை?" என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றாவதற்கு லீவு ஃபாரத்தை நீட்டினேன்.

பயப்படும் விஷயங்கள் (எழுதினால் குறையும் என்று எங்கோ படித்தது):

1. ஆதிக்குக் காய்ச்சல் வரும்.
2. பிரபு தெர்மாமீட்டரைத் தேடுவான். அது அவன் முன்னாலேயே இருக்கும்.
3. ஜிஸ்பா என்று ஒரு ஊர். அதைத் தாண்டினால் லே பக்கத்துக் கடைசி இறக்கம்வரை ஐந்தாறு நாள் போன் கிடையாது. எது நடந்தாலும் எனக்குத் தெரியாது.
4. அவள் என்னைத் தேடுவாள்.
5. அவள் என்னைத் தேடமாட்டாள்.

எழுதியதால் குறையவில்லை.

கீழ்வீட்டு செல்வி அக்கா துணி காயப்போட மாடிக்கு வந்தார். அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஒரு மணிக்கு வந்துவிடுவார், மதியம் ஆதியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டவர். இன்று திடீரென்று, "இன்னா கலை, நெசமாவே புள்ளைய வுட்டுட்டுப் போறியா?"

"ஆமாக்கா."

"அங்க இன்னாதான் இருக்குது?"

"மலைதான். ரோடு மேல ஏறி, அந்தப் பக்கம் இறங்கும்."

"அவ்ளோதானா?" கிளிப்பைப் பல்லில் கடித்தபடி யோசித்தார். "எங்க வூட்டுக்காரு வாரத்துல நாலு நாள் எங்க போறாருன்னே தெரியாது. நீ சொல்லிட்டாவது போற. போயிட்டு வா. எனக்கு ஒரு சொட்டர் வாங்கியா. கழுத்து மூடினது."

இந்த மணாலி-லே சைக்கிள் பயணத்துக்கு மூன்று வயது. முதல் வருடம் மஞ்சுவுக்கு லீவு இல்லை. அடுத்த வருடம் டிக்கெட்டே எடுத்துவிட்டோம், நான் முழுகாமல் இருந்தேன். மூவரும் சேர்ந்தே ரத்து செய்தோம். "பம்ப் இல்லாம எப்படிப் போறது?" என்று ஜபீன் சொன்னதோடு பேச்சு முடிந்தது. போன வருடம் ஆதி கைக்குழந்தை. நான் போகாவிட்டால் இந்த வருடமும் அவர்கள் போகமாட்டார்கள். அது ஒரு பாரம். ஒரு சந்தோஷமும்.

ஜூன் 15, ஞாயிறு

பீன்யா. மஞ்சுவின் அறை, அவன் லேத் ஓட்டும் பட்டறைக்குப் பின்னால். மூன்று சைக்கிளையும் கழற்றி அட்டைப்பெட்டியில் அடைத்தோம். கை, முகம், ஆதியின் சட்டை எல்லாம் கிரீஸ். பிரபு அவளைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். அவனுக்குச் சைக்கிள் என்றால் முதுகுவலி.

பிரபுதான் கேட்டான்: "அவ்ளோ தூரம் போறீங்க, ஒரே ஒரு பம்பா? இன்னொண்ணு வாங்கிக்கலாம்ல?"

நியாயமான கேள்வி. நானும் மனசுக்குள் கேட்டதுதான்.

"நக்கோ," என்றாள் ஜபீன், டேப்பைப் பல்லால் கிழித்துக்கொண்டே. வேண்டாம் என்றால் அவளுக்கு அந்த வார்த்தைதான் வரும், சிவாஜிநகர் வார்த்தை. "ரெண்டு பம்ப் இருந்தா ரெண்டு குரூப் ஆயிடும் பிரபு."

"உடைஞ்சா?"

"உடையாது சார்," என்றான் மஞ்சு. பம்பைத் தூக்கிக் காட்டினான். கைப்பிடி உடைந்தபோது பித்தளையில் ஒரு குமிழ் கடைந்து மாட்டியவன் அவன். ஒரு சின்ன சொம்பு அளவு இருக்கும். "லாரி ஏறினாலும் லாரிதான் பஞ்சர்."

பிறகு என்னிடம் நீட்டினான். நீட்டும்போது எப்போதும் ஒரு சின்னக் கும்பிடு. நக்கல். "நானு சத்தியமா சொல்றேன் அக்கா, என் லைஃப்ல இதை எடுத்துட்டுப் போகவே மாட்டேன். வாங்கினா ஊருக்கே திரும்பி வர மாட்டேன்."

ஜபீன் சிரித்தாள். நானும்.

ஆதி பித்தளைக் குமிழை நக்கினாள். நோட்டில் எழுதினேன்: சா, பம்ப், சிறிது.

ஜூன் 18, புதன்

நாளை சாயங்காலம் யஷ்வந்த்பூரில் ரயில்.

பிரிட்ஜ் மேல்: ஆதியின் நோட்டு, பேனா (நூலில் கட்டி), தெர்மாமீட்டர், டாக்டர் எழுதிக்கொடுத்த சிரப், செல்வி அக்கா நம்பர், டாக்டர் நம்பர், ஆட்டோ மணியின் நம்பர். பிரபுவை மூன்று தடவை சொல்லவைத்தேன். மூன்றாவது தடவை பாட்டாகப் பாடினான்.

என் பையில் யாருக்கும் தெரியாமல்: வழியில் உள்ள கேலாங்கிலிருந்து மணாலிக்கும், மணாலியிலிருந்து சண்டிகருக்கும் பஸ் நேரங்கள், ஒரு துண்டுச் சீட்டில். திரும்ப வருவதற்கு. எந்த நாளானாலும்.

தாய்ப்பால் நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. இருந்தும் இன்று அவள் அழுதபோது மார்பு கனத்தது. உடம்புக்கு யார் தகவல் சொன்னது?

ஜூன் 21, சனி. ரயில்

எங்கேயோ மத்தியப் பிரதேசம். வெயில் ஜன்னல் கம்பியில் சுடுகிறது. மஞ்சு தூக்கம். ஜபீன் எதிர்சீட் அம்மாவிடம் உருதுவில் என் கதையை விற்றுக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மா என்னைப் பார்த்து, குழந்தையை விட்டுவிட்டா என்று உச்சுக்கொட்டினார். பிறகு இரண்டு ஆலூ பரோட்டா கொடுத்தார். பரோட்டா பிரமாதம். கோபப்பட முடியவில்லை.

பிரபு வாட்ஸப்பில்: "சா இட்லி 2. மூ 6. தூ 1.30. அ 1 (உன் போட்டோவைப் பார்த்து இல்லை. மிக்சி சத்தம்)."

ஜூன் 26, வியாழன். கோக்ஸர்

முதல் கணவாய், ரோத்தாங் பாஸ், தாண்டிவிட்டேன்!!

நேற்று பாதி ஏறி மர்ஹியில் தங்கல், இன்று மீதி. கீழே பச்சை, நடுவில் சேறு, மேலே ரோட்டோரம் என்னைவிட உயரமாகப் பனிச்சுவர். அழுக்குப் பனி. சினிமாவில் காட்டுவதுபோல வெள்ளையாக இல்லை, சிமெண்ட் மூட்டை நிறம். ஒவ்வொரு வளைவிலும் மூச்சை எண்ணினேன். முப்பது மூச்சு, ஒரு நிறுத்தம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கை காட்டினார்கள். ஒருவர் ஓடுகிற லாரியிலிருந்தே ஒரு ஆப்பிளை நீட்டினார்.

ஜபீனும் மஞ்சுவும் உச்சிப் பலகைக்கு இந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஐம்பது நிமிடமாம். மஞ்சுவின் உதடு ஊதா.

"சீக்கிரம் தாண்டு தாயே," என்றாள் ஜபீன், "மூக்கு விழுந்துடும்."

வாங்கிய மூச்சோடு தாண்டினேன். பின்னாலேயே இருவரும் கத்திக்கொண்டு வந்தார்கள். அந்தப் பக்கம் வேறு தேசம் மாதிரி. மரமே இல்லை.

இறக்கத்திலும் நான்தான் கடைசி. இரண்டு பிரேக்கையும் பிடித்த கை விடவே இல்லை. சுண்டுவிரல் மரத்துவிட்டது.

ஜூன் 28, சனி. ஜிஸ்பா

வெயில், ஆனால் குளிர். ஆற்றுச் சத்தம் விடாமல். கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பாறை மேல் ஏறி நின்றால் சிக்னல் ஒரு கோடு. அந்தப் பாறைக்குப் பெரிய வரிசை. முன்னால் நின்ற பையன் காதலியோடு சண்டை போட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன்.

பிரபு: "எல்லாம் ஓகே. உன் குரலைக் கேட்டதும் போனை நக்குறா."

"நாளையிலிருந்து போன் இல்ல பிரபு."

"தெரியும். சீட்டு ஒட்டிட்டேன் பிரிட்ஜ்ல. ஜூலை அஞ்சு வரைக்கும் பதறாதேன்னு."

"யாருக்கு எழுதின?"

"எனக்குத்தான்."

சிரித்தேன். வைத்ததும் அழுதேன். துண்டுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். கேலாங் திரும்பினால் காலையில் பஸ். நாளை இந்த நேரம் திரும்பமுடியாத இடத்தில் இருப்பேன். இன்று இரவு முடிவெடுக்கவேண்டும்.

ஜபீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ராஜ்மா சாதத் தட்டை நீட்டினாள். நான் தின்றுமுடிக்கும்வரை இருந்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

போகிறேன். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாகிவிட்டது. நாளை பட்சியோவரைதான். மெதுவாக ஏறவேண்டும், உயரத்தில் உடம்பு பழகவேண்டும். அதற்கடுத்த நாள் ஜிங்ஜிங்பார் கூடாரங்கள். அதற்கும் அடுத்த நாள் பாராலாச்சா பாஸ். கிட்டத்தட்ட ஐயாயிரம் மீட்டர்.

ஜூன் 29, ஞாயிறு. கேலாங், ஆஸ்பத்திரி பெஞ்ச்

எல்லாம் தலைகீழ். ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை ஏழுக்குப் புறப்பட்டோம். மூவர் பாட்டிலையும் நான்தான் நிரப்பினேன், பழக்கதோஷம். தார்ச்சா செக்போஸ்டில் பெயர் எழுதினோம். ஊர்: பெங்களூர். அதற்குப் பிறகு மஞ்சு கண்ணில் படவே இல்லை. வழக்கமாக வளைவுக்கு வளைவு நின்று, ஏதாவது கிண்டல் பண்ணிவிட்டுத்தான் போவான். இன்று ஒரு வளைவிலும் இல்லை.

பட்சியோவில் இல்லை. டீக்கடைக்காரர், ஒரு பையன் நிற்காமல் போனான் என்றார். ஜபீனுக்குக் கோபம். "காய்கு, ஏன் இவ்ளோ அவசரம் இவனுக்கு?" வேறு வழியில்லாமல் நாங்களும் மேலே. ஒரே நாளில் ஏறக்கூடாத ஏற்றம். ஜிங்ஜிங்பார் சேரும்போது மணி நாலரை. கூடாரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான்.

"ஏனில்லா அக்கா, சும்னே டயர்டு," என்றான். ஒன்றுமில்லை, சும்மா அசதியாம்.

முன்னால் டீ இருந்தது. ஆடை கட்டியிருந்தது. கடைக்கார அம்மா, வந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று கையைக் காட்டினார். வெளியே அவன் சைக்கிளைப் பார்த்தேன். பாட்டில். காலையில் நான் ஊற்றிக் கொடுத்த அதே தண்ணீர், கழுத்துவரை அப்படியே. ஏழெட்டு மணி நேரம் சைக்கிள் மிதித்தவன் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த கேள்விகளைத்தான் கேட்டேன்.

"காலையிலிருந்து என்ன சாப்பிட்ட?"

"பிஸ்கட்."

"எத்தனை?"

கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டான்.

"ஒண்ணுக்கு எத்தனை தடவை போன?"

"அக்கா, ஏனு இது!"

"எத்தனை?"

"காலைல ஒண்ணு."

"வாந்தி?"

கம்பளிக்கு வெளியே மூன்று விரலைக் காட்டினான். தலைவலி நேற்று ராத்திரியே தொடங்கிவிட்டதாம். சொல்லியிருந்தால் மெதுவாகப் போகச் சொல்வோம். மெதுவாகப் போனால் கடைசி. கடைசி என்றால் பம்ப் கைக்கு வரும். அதனால் நாங்கள் பார்க்காதபடிக்கு முன்னாலேயே ஓடியிருக்கிறான்! நாங்கள் சிரித்துச் சிரித்து வளர்த்த விளையாட்டு. நானும் சேர்ந்துதான்.

கீழே போகணும், இப்பவே என்றேன்.

ஜபீன் என்னை வெளியே இழுத்தாள். "காலைல பார்த்துக்கலாம் கலை. மாத்திரை குடுத்துத் தூங்க வைப்போம். பாஸ் இங்கிருந்து அரை நாள்தான். மூணு வருஷமா காத்துட்டு இருக்கோம்."

"ராத்திரி இன்னும் மோசமாச்சுன்னா?"

"ஆகலைன்னா?" பிறகு, குரலைத் தாழ்த்தி, "உண்மையச் சொல்லு. உனக்கு போன் பண்ணணும். கீழே போக ஒரு சாக்கு வேணும். நேத்து அந்தப் பாறை மேல உன் மூஞ்சியப் பார்த்தேன்."

அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அதில் உண்மை இல்லாமலும் இல்லை. கீழே போகலாம் என்று நினைத்த நொடியில் எனக்குள் ஒன்று குதித்தது. பொய் சொல்லமாட்டேன், இந்த நோட்டில்.

"இருக்கலாம்டீ," என்றேன். "ஆனா அந்த பாட்டில் நெறைய தண்ணி இருக்கு. அதுக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. நீயே போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். பாட்டிலைக் கையில் தூக்கி ஆட்டினாள். திரும்பி வந்து ரோட்டில் இறங்கி, கீழே போகிற முதல் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள். காலி பிக்கப். மூன்று சைக்கிளும் மூன்று பேரும். மஞ்சு என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "சாரி அக்கா, சாரி," என்று வழி முழுக்க. ஆதியைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டே வந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். என்னைவிட இளையவள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் வந்தது என்று ஆக்சிஜன் வைத்தாள். இறக்கிக்கொண்டு வந்தது நல்லது, மேலேயே தூங்கவைத்திருக்கக்கூடாது என்றாள். இரண்டு நாள் ஓய்வு. தலைவலி முழுக்கப் போனால் மறுபடி ஏறலாம், அவசரப்படாமல்.

ஜபீன் இதைக் கேட்டுவிட்டு வெளியே போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு டீ வைத்தாள். ஒன்றில் எனக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாக.

போன் செய்தேன். மூன்று தடவை. பிரபு எடுக்கவில்லை.

ஜூன் 30, திங்கள். கேலாங்

காலை ஆறு பத்துக்கு பிரபு கூப்பிட்டான். முதல் வார்த்தை: "பதறாதே."

அந்த வார்த்தையைக் கேட்டால் யார் பதறாமல் இருப்பார்கள்?

நேற்று பதினொரு மணிக்கு ஆதிக்குக் காய்ச்சல். நூற்றிரண்டுவரை போயிருக்கிறது. நான் தார்ச்சா தாண்டி ஏறிக்கொண்டிருந்த நேரம்.

"இப்ப?"

"இப்ப நார்மல். ராத்திரியே இறங்கிருச்சு. ரெண்டு பேரும் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டோம், அதான் போன் எடுக்கலை. எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். படம் அனுப்பறேன், படி."

நோட்டின் பக்கம் வந்தது. அவன் கோணல் கையெழுத்து.

11.00 கா 101. சா இட்லி அரை, துப்பிட்டா.
11.15 டாக்டருக்கு போன். சிரப் சொன்ன அளவு.
12.30 கா 102. ஈரத்துணி. அ 2.
1.10 வாந்தி 1. செல்வி அக்கா வந்தாச்சு. ஆட்டோ.
2.00 டாக்டர் பார்த்தார். தொண்டைதான். பயம் இல்லை.
4.00 கா 100. மூ 1.
6.00 தண்ணி 3 மூடி. மூ 2.
8.30 கா 99. சா கஞ்சி, கால் கிண்ணம். சிரிப்பு 1.
9.40 தூ.
தெர்மாமீட்டர் என் முன்னாலயேதான் இருந்தது.

சிரிப்புக்கு என் நோட்டில் இடமே இல்லை. அவனாகச் சேர்த்திருக்கிறான்.

பல தடவை படித்தேன். ஒன்றையும் விடவில்லை. துப்பியதை, வாந்தியை, ஒன்றையும். நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ அதுவேதான் அதே நேரத்தில் நடந்திருக்கிறது. ஒரே வித்தியாசம், நான் அழுதிருப்பேன். மறுபடி கூப்பிட்டபோது செல்வி அக்கா போனை வாங்கி, "புள்ள சோக்கா கீது. சொட்டரை மறந்துடாத," என்றார்.

நேற்று ஒரே நாளில் மஞ்சு எல்லாவற்றையும் மறைத்திருக்கிறான், பிரபு எல்லாவற்றையும் எழுதியிருக்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய். கேலாங்

லேசான மழை. மஞ்சு மூன்று ரொட்டி, இரண்டு முட்டை, ஒரு லிட்டர் தண்ணீர். தலைவலி இல்லை. என்னைப் பார்த்ததும் தானாகவே, "மூ நாலு அக்கா," என்று கத்துகிறான். ஆஸ்பத்திரி முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது.

பஸ் நிலையம் வரைக்கும் நடந்து போனேன். மணாலி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறினால் நாலைந்து நாளில் ஆதி. யாரும் தப்பு சொல்லமாட்டார்கள். பிரபுவிடம் கேட்டேன், வரட்டுமா என்று.

"வந்தா சந்தோஷம். வரலைன்னாலும் எழுதிட்டுத்தான் இருப்பேன்."

"உன் இஷ்டம்" என்று சொல்லியிருந்தால் ஏறியிருப்பேன். இவன் அப்படிச் சொல்லவில்லை.

பஸ் போயிற்று. துண்டுச்சீட்டில் பூண்டு ஊறுகாய் மடித்து வாங்கிவந்தேன்.

சாயங்காலம் பம்பை எடுத்துக்கொண்டுபோய் மஞ்சுவின் கட்டில்மேல் வைத்தேன். கும்பிடு போடவில்லை. ஜபீனும் சிரிக்கவில்லை.

"நாளையிலேர்ந்து நீதான் கடைசி. நீ எவ்ளோ மெதுவாப் போறியோ அவ்ளோதான் நாங்களும்."

குமிழைத் தடவிக்கொண்டிருந்தான். "சக்கத் வெயிட்டு அக்கா இது."

"நாலு வருஷமா தூக்கறேன்."

"கம்மி பண்ணித்தரேன். ஊருக்குப் போனதும். உள்ளே குடைஞ்சு."

"வேணாம். அப்படியே இருக்கட்டும்," என்றாள் ஜபீன்.

ஜூலை 3, வியாழன். பட்சியோ

இம்முறை நின்றோம். டீக்கடைக்காரர் எங்களை அடையாளம் கண்டு சிரித்தார். ஆட்டுமந்தை ஒன்று ரோட்டை ஒரு மணி நேரம் அடைத்தது. அவசரமே இல்லை.

நேற்று ஜிஸ்பாவில் அதே பாறை, அதே ஒரு கோடு. ஆதி "ம்ம்மா" என்றாள். பசியிலா, என்னைச் சொன்னாளா தெரியவில்லை. நோட்டில் எழுதவேண்டாம் என்றேன் பிரபுவிடம், அவளுக்கே தெரிந்திருக்காது.

அதன்பின் போன் இல்லை. கை அடிக்கடி பாக்கெட்டுக்குப் போகிறது. போய்விட்டுத் திரும்பிவிடுகிறது.

ஜூலை 5, சனி. பரத்பூர் கூடாரம், பாராலாச்சாவுக்கு அந்தப் பக்கம்

விடியலில் உறைபனி. பாட்டில் தண்ணீர் கல். ஆறு மணிக்குக் கிளம்பினோம். ரோட்டின் குறுக்கே ஓடுகிற பனித்தண்ணீரில் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி, நாலு இடம். ஷூவுக்குள் கால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டியிருந்தது.

முன்னால் ஜபீன், நடுவில் நான், பின்னால் மஞ்சு. நடுவில் போவது எனக்குப் புதுசு. முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு மூச்சு. ஒவ்வொரு வளைவிலும் நின்று திரும்பிப் பார்த்தேன். அவன் குடித்துவிட்டு பாட்டிலைத் தூக்கிக் காட்டுவான். அப்புறம்தான் அடுத்த வளைவு.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் சூரஜ் தால் ஏரி. பாதி பனி, பாதி நீலம். யாரும் போட்டோ எடுக்கவில்லை, கையுறையைக் கழற்றப் பயம்.

பதினொன்றே காலுக்கு நானும் ஜபீனும் உச்சியில் கட்டிய கொடித்தோரணங்களுக்கு இந்தப் பக்கம் போய் நின்றோம். காற்று ஆளைத் தள்ளியது. நாற்பத்தைந்து நிமிடம். காத்திருப்பது இவ்வளவு குளிரும் என்று எனக்குத் தெரியாது. நாலு வருடமாக இவர்கள் எனக்காக இப்படி நின்றிருக்கிறார்கள். அதை ஜபீனிடம் சொன்னேன்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள். பிறகு, காற்றில் கத்தி, "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது!"

"அதுல பாதி உண்மைதான்!"

"ஹௌ, ஆமா, தெரியும்! இருந்தாலும்!"

போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. மணி மட்டும் பார்த்தேன். இந்த நேரம் ஆதி தூங்கியிருப்பாள், அல்லது தூங்காமல் இருப்பாள். எதுவானாலும் எழுதப்பட்டிருக்கும். உள்ளே வைத்துவிட்டேன்.

வளைவில் முதலில் பித்தளைக் குமிழ் தெரிந்தது, வெயிலில். பிறகு மஞ்சு. நடந்து, நின்று, ஏறி, மறுபடி நடந்து. நாங்கள் வழி விட்டு ஒதுங்கினோம். எங்களுக்கு நடுவில் மிதித்துக்கொண்டு முதலில் தாண்டினான். அந்தப் பக்கம் போனபிறகுதான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, குந்தி உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி அழுதான். ஜபீன் முதுகில் ஒரு அடி வைத்தாள். "எழுந்திருடா, பம்ப் மகாராஜா."

"தலைவலி?"

"இல்லா அக்கா. சத்தியமா. மூ மூணு."

எழுந்து, சட்டையில் குமிழைத் துடைத்து, எனக்கு நீட்டினான். கும்பிடோடு. "இனிமே இறக்கம். இறக்கத்துல நீங்கதான் லாஸ்ட். பிரேக்கை விடவே மாட்டீங்க."

விடவில்லை. பரத்பூர்வரை இரண்டு பிரேக்கும், பம்பும், நானும்.

கேலாங்கில் போன நாட்களுக்கு ஈடாக லேயில் ஓய்வு நாள் கிடையாது, நாள் சரியாக இருக்கிறது. இன்னும் மூன்று பாஸ்.

இன்று, கலைச்செல்வி:
சா: மேகி 2, ராஜ்மா சாதம், பூண்டு ஊறுகாய்.
மூ: 5.
தூ: இனிமேல்தான்.
கா: இல்லை.
அ: 1. உச்சியில், மஞ்சுவைப் பார்த்து. மருந்து தேவைப்படவில்லை.
சிரிப்பு: எண்ணவில்லை.